பதினோராயிரம் குச்சிகள்

தூத்துக்குடி
20.4.2025

அன்புள்ள நீலாவுக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ எப்படி இருக்கிறாய்? அம்மாவின் கால் வீக்கம் வடிந்ததா? எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. இந்த ஊர் வெயிலைத்தான் தாங்க முடியவில்லை.

அப்பாவின் முதல் வருடத் திதிக்கு நான் வரவில்லை என்று போன மாதம் போனில் அத்தனை கத்தினாய். நானும் கத்தினேன். அன்றோடு என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். அம்மாவைக் கூப்பிட்டால், "நல்லா கீறேன், வெச்சிடு" என்பதோடு சரி. அதனால்தான் கடிதம். காகிதத்தில் யாரும் கத்த முடியாது அல்லவா?

உன் கல்லூரியில் கோடை விடுமுறைக்குள் இரண்டு மாதப் பயிற்சி முடித்தாக வேண்டும் என்றாயே, அதற்கு ஏற்பாடு செய்துவிட்டேன். நான் வேலை பார்க்கும் கழிக்கரை அறக்கட்டளையின் எண்ணூர் அலுவலகத்தில், நிலப் பாதுகாப்புப் பிரிவு. மே ஐந்தாம் தேதி போய்த் திட்ட அலுவலர் டென்னிஸ் சாரைப் பார். நம் குப்பத்துக்கு எதிரே ஆற்றுச் சேற்றுத் திட்டில் வேலி போட்டு அலையாத்திச் செடிகள் நட்டிருக்கிறார்களே, அதில் எத்தனை உயிரோடு இருக்கிறது என்று எண்ண வேண்டும். அவ்வளவுதான் வேலை. கொடுத்த தாளில் எண்ணை நிரப்பு. பழைய கோப்பு, கம்பெனி விவகாரம் எதிலும் தலையை விடாதே. சான்றிதழ் வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடு.

அம்மாவை வெயிலில் போக விடாதே. பதில் போடு.

உன் அக்கா,
ரேகா


எண்ணூர்
12.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீலா எழுதுவது. காகிதத்திலும் கத்தலாம் அக்கா. எழுத்தைப் பெரிதாகப் போட்டால் போதும்.

அம்மாவின் கால் வீக்கம் வடியவில்லை. எப்படி வடியும்? வீட்டுக்கு எதிரே இருந்த திட்டை வேலி போட்டு அடைத்தாகிவிட்டது. இப்போது பாலத்தைச் சுற்றிக்கொண்டு அடுத்த திட்டுக்குப் போகிறாள். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். கழுத்தில் பறிக்கூடையைக் கட்டிக்கொண்டு, சேற்றில் குந்தி, கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களுக்குப் படகா இருக்கிறது? நம் இருவரையும் அம்மா அந்தத் திட்டில்தான் வளர்த்தாள். இதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த அறக்கட்டளைக்கு நான் போவதைச் சொன்னதும் அம்மா திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. "போ. உள்ள இன்னாதான் பண்றானுங்கன்னு ஒரு கண்ணு பாரு" என்றாள்.

பார்த்துவிட்டேன். ஆற்றின் மேல்பக்கம் இருக்கும் கம்பெனி தன் புதுக் கட்டடத்துக்காக வளர்ந்த அலையாத்திக் காட்டை வெட்டியதாம். வெட்டிய அளவுக்கு வேறு இடத்தில் நட வேண்டும் என்று அரசாங்கம் சொன்னதாம். அந்த வேறு இடம் நம் திட்டு. நட்டுக் கொடுக்கும் வேலை உங்கள் அறக்கட்டளைக்கு. நட்டு இரண்டு வருடம் ஆகப்போகிறது. ஒவ்வொரு செடிக்கும் ஒரு மூங்கில் குச்சி ஊன்றிக் கட்டியிருக்கிறார்கள். குச்சி நிற்கிறது அக்கா. செடியைத்தான் காணோம்.

என்னோடு பயிற்சிக்கு வந்திருப்பவள் தாஹிரா, கல்மண்டபத்துக்காரி. முதல் நாள் தொடை வரை சேற்றில் புதைந்து ஒரு செருப்பை இழந்தாள். மறுநாள் வெறுங்காலோடு வந்து எனக்கு முன்னால் இறங்கினாள்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். திதிக்கு ஏன் வரவில்லை என்பதற்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை.

நீலா


தூத்துக்குடி
21.5.2025

அன்புள்ள நீலாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாம் வழக்கம்போல. இரண்டு நாள் காய்ச்சல் இருந்தது, இப்போது இல்லை.

அம்மாவுக்கு முட்டி வரை வரும் ரப்பர் உறை ஒரு ஜோடி அனுப்பியிருக்கிறேன். போட்டுக்கொள்ளச் சொல்.

செடி சாவது புதிது அல்ல, நீலா. நட்டதில் பாதி எங்கேயும் போகும். நீ எண்ணிக்கையை மட்டும் எழுது. ஏன் செத்தது, யார் நட்டது, அந்த இடத்தை யார் தேர்ந்தெடுத்தது என்பதெல்லாம் பயிற்சிக்கு வந்த மாணவி கேட்கும் கேள்விகள் அல்ல. டென்னிஸ் சார் கெட்டவர் இல்லை, ஆனால் கேள்வி கேட்டால் பிடிக்காது.

தாஹிரா நல்ல துணை என்று தெரிகிறது. சந்தோஷம். இருவரும் தொப்பி போட்டுக்கொள்ளுங்கள், தண்ணீர் குடியுங்கள்.

திதிக்கு லீவு கிடைக்கவில்லை என்று அன்றே சொன்னேன்.

அன்புடன்,
ரேகா


எண்ணூர்
2.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

காய்ச்சல் திரும்ப வரவில்லையே? அம்மா கேட்கச் சொன்னாள். ரப்பர் உறை வந்தது. அம்மா போட்டுப் பார்த்துக் கழற்றிவிட்டாள். "கால்ல சேறு படலன்னா எறால் எங்க கீதுன்னு எப்டி தெரியும்?" என்கிறாள்.

எண்ணி முடித்துவிட்டோம். நானும் தாஹிராவும் தனித்தனியாக இரண்டு முறை எண்ணினோம். மூங்கில் குச்சிகள் பதினோராயிரத்து இருநூறு. உயிரோடு இருக்கும் செடிகள் ஆயிரத்து முந்நூற்றுப் பதினாறு. நூற்றுக்குப் பன்னிரண்டு கூட இல்லை.

காரணமும் கண்ணுக்குத் தெரிகிறது. திட்டின் நடுப்பகுதி தாழ்வு. தண்ணீர் ஏறினால் அரை நாள் மூழ்கிக் கிடக்கிறது. படகின் அடியில் ஒட்டுமே கொட்டலசு, அது செடியின் தண்டு முழுக்க அப்பி மூச்சை அடைத்துவிட்டது. அலையாத்தி அங்கே எந்தக் காலத்திலும் முளைத்ததில்லை. முளைக்கும் இடமாக இருந்தால் யாரும் நடாமலே முளைத்திருக்கும்.

இதைத்தான் எழுதினேன். டென்னிஸ் சார் படித்துவிட்டு, "பாருங்கம்மா, செடி தானா சாகாது. ஆள் மிதிச்சாத்தான் சாகும். குப்பத்துப் பெண்கள் வேலிக்குக் கீழ நுழைஞ்சு வர்றாங்க. அதைக் காரணமா எழுதுங்க" என்றார்.

"சார், அவங்க வந்து போறது தெற்கு மூலை. உயிரோட இருக்குற செடியெல்லாம் அந்த மூலைலதான் சார் கீது. யாருமே போகாத நடுவுலதான் மொத்தமும் செத்துக் கெடக்குது" என்றேன். கோபத்தில் நம் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யோசிச்சு எழுதுங்க. சான்றிதழ் வேணும்ல" என்றார்.

நீ அங்கே நாலு வருடம் வேலை பார்த்தவள். அவரிடம் ஒரு வார்த்தை பேசு அக்கா. எனக்காக வேண்டாம். பாலம் சுற்றிப் போகக் கால் இடம் கொடுக்காத நாளில் வேலிக்குக் கீழே நுழைகிற பெண்களில் முதல் ஆள் நம் அம்மா.

உடனே எழுது.

நீலா


எண்ணூர்
24.6.2025

அக்காவுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். மூன்று வாரமாகப் பதில் இல்லை. தபால் தொலைந்தது என்று சொல்லிவிடாதே. பதிவுத் தபாலில் அனுப்பினேன், நீ கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறாய்.

இங்கே நடந்ததைக் கேள். போன செவ்வாய்க்கிழமை அம்மாவையும், பக்கத்து வீட்டு அம்மு அத்தையையும், இன்னும் மூன்று பேரையும் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். செடிகளை மிதித்து அழித்தார்கள், அத்துமீறி நுழைந்தார்கள் என்று அறக்கட்டளை புகார் கொடுத்திருக்கிறது. காலை பத்து மணிக்குப் போனவர்கள் சாயங்காலம் ஐந்து மணி வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவின் கால் உரல் மாதிரி வீங்கிவிட்டது.

எழுத்தரிடம் அம்மா கேட்டாள்: "நான் பொறந்ததுலேர்ந்து எறங்குற சேறு சார் அது. அத்துமீறல்னா இன்னா சார் அர்த்தம்?"

அவர் பேனாவைத் திறந்தார். "பேர் சொல்லும்மா" என்றார்.

"தேசம்மா. வூட்டுக்காரர் பேரு சுப்புராயன். செத்துட்டாரு. அவரு மேலயும் ஒரு கேசு போட்டுக்கோ."

வேலிக் காவலாளி ராசையா சாட்சியாம். பாவம், தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து, "இப்ப போயிட்டு வந்துடுங்கம்மா" என்று இவர்களை உள்ளே விட்டவரே அவர்தான். அவரிடம் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். ஆதாரத்துக்கு ஒரு படம் இருக்கிறது. அறக்கட்டளையின் கள வேலைப் படங்களை ஏற்றும் போன் ஆப்பில் இருக்கும் படம். ஐந்து பேரும் முகம் தெளிவாகத் தெரிய, சேற்றில் குந்தியிருக்கிறார்கள்.

நான் அறிக்கையை மாற்றி எழுத மாட்டேன் என்று டென்னிஸ் சாரிடம் சொல்லிவிட்டேன். நீ என்ன செய்யப்போகிறாய்? ஒரு போன்கூடவா போட முடியவில்லை அந்த ஆளுக்கு? அங்கே உட்கார்ந்து யாருக்குப் பயப்படுகிறாய்?

நீலா


தூத்துக்குடி
1.7.2025

நீலாவுக்கு,

அம்மாவை நல்ல டாக்டரிடம் காட்டு. மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நான் பேசவில்லை, நான் பயப்படுகிறேன், நான் உட்கார்ந்திருக்கிறேன். சரி. அந்தப் படத்தைப் பற்றி எழுதினாயே, ஒரு விஷயத்தை ஏன் விட்டுவிட்டாய்? அறக்கட்டளையின் ஆப் என் போனிலும் இருக்கிறது. ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் எடுத்தவர் பெயர், இடம், நேரம் எல்லாம் வரும். அந்தப் படத்தை நான் பார்த்தேன். மே இருபத்தெட்டு, காலை 7.40. எடுத்தவர்: நீலா சு.

செடியைப் படம் எடுத்தாய், பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை. அல்லது பார்த்தும் ஏற்றினாய். இரண்டில் எது என்று நான் கேட்கவில்லை. ஆனால் எனக்குப் பாடம் எடுக்காதே. வேலை என்று ஒன்றுக்குள் போனால் கை தானாக எதையோ செய்துவிடும். அது உனக்கு ஒரே மாதத்தில் நடந்துவிட்டது, பார்த்தாயா?

அம்மாவுக்குத் தெரியுமா?

ரேகா


எண்ணூர்
15.7.2025

ரேகா,

தெரியும். உன் கடிதம் வந்த அன்றே அம்மாவிடமும் அம்மு அத்தையிடமும் மற்றவர்களிடமும் சொன்னேன். என் கையால் எடுத்த படம் என்று சொன்னேன். பின்னால் அவர்கள் இருந்ததைப் பார்க்கவில்லை, தினமும் முந்நூறு படம் ஏற்ற வேண்டும், குனிந்தபடியே எடுத்தேன் என்று சொன்னேன். அம்மு அத்தை என்னை அடித்தாள். கன்னத்தில். வாங்கிக்கொண்டேன். உனக்கு எழுதியபோது அதை மறைத்தேன், அதுவும் தப்புதான். என் கணக்கு அவ்வளவு.

இப்போது உன்னுடையது.

ஜூலை நாலாம் தேதி பயிற்சியின் கடைசி நாள். டென்னிஸ் சார் அவரே திருத்திய அறிக்கையைக் கொடுத்து, கையெழுத்துப் போட்டால் சான்றிதழ் என்றார். முழுதாகப் படிக்காமல் போட மாட்டேன் என்று அங்கேயே உட்கார்ந்து படித்தேன். கடைசியில் ஒரு பின்னிணைப்பு. ஏப்ரல் 2023, நடுவதற்கு இடம் தேர்ந்தெடுத்த கள ஆய்வு. நம் திட்டு. ஒன்பதாவது கட்டத்தில்:

மக்கள் பயன்பாடு: இல்லை. மீன்பிடி: இல்லை. வெற்றுச் சேற்று நிலம்.

அடியில், கள ஆய்வு செய்தவர்: சு. ரேகா.

எனக்கு அந்தக் கையெழுத்து தெரியாதா? என் பள்ளிக்கூட நோட்டு அட்டைகளில் எல்லாம் நீதானே பெயர் எழுதிக் கொடுப்பாய்?

பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கும் பிரிவில் இருக்கிறேன் என்று எங்களிடம் சொன்னாய். அம்மா ஊர் முழுக்க, "எம் பொண்ணு டீச்சர் மாதிரி" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஆய்வு ஏப்ரலில். வேலி ஜூனில். ஜூலையில் உனக்குத் தூத்துக்குடியில் பெரிய வேலை. தேதிகளை வரிசையாக வைத்தாலே போதும்.

நான் ஒரு படம் எடுத்தேன், பார்க்காமல். நீ பார்த்துத்தான் எழுதினாய். பதினைந்து வயது வரை அதே சேற்றில் அம்மாவோடு இறங்கியவள், அதை வெற்று நிலம் என்று எழுதினாய். இரண்டும் ஒன்று என்று எனக்கே எழுதுகிறாய்!

கையெழுத்துப் போடவில்லை. சான்றிதழ் இல்லை. பின்னிணைப்பைத் தாஹிரா படம் எடுத்துக்கொண்டாள். கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கப்போகிறோம்.

அம்மாவிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை. அதை நீ சொல்.

நீலா


தூத்துக்குடி
6.9.2025

நீலா,

நலம் கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன். அம்மாவுக்கு எப்படி இருக்கிறது?

ஏழு வாரம் ஆகிவிட்டது. எழுதி எழுதிக் கிழித்தேன். கிழித்ததில் எல்லாம் என் மேல் தப்பில்லை என்றே எழுதியிருந்தேன்.

அன்று டென்னிஸ் சாரோடும் கம்பெனி ஆட்களோடும் படகில் போனோம். தண்ணீர் ஏறியிருந்த நேரம், திட்டே வெளியில் தெரியவில்லை. "யாருமே இல்லையே ரேகா, வெறும் தண்ணியா இருக்கு" என்றார். காலையில் வந்திருந்தால் நாற்பது பெண்கள் இருப்பார்கள் சார் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள்.

நீலா, அந்த அலுவலகத்தில் என்னை ரேகா மேடம் என்பார்கள். பேசும்போது ஒரு இடத்தில்கூட 'கீது' வந்துவிடாமல் பார்த்துப் பார்த்துப் பேசுவேன். என் அம்மா சேற்றைத் தடவி இறால் பிடிப்பவள் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. தெரியாமல் வைத்திருந்தேன். அதற்காகத்தான் 'இல்லை' என்று எழுதினேன். பதவி பிறகு வந்தது. அதையும் வாங்கிக்கொண்டேன்.

வேலி போட்ட வாரம் அம்மா போன் செய்தாள். "எவனோ படுபாவி, ஒண்ணுமில்லாத எடம்னு எழுதிக் குட்த்துட்டான்டி" என்றாள். "அப்படியாம்மா" என்றேன். அந்த 'அப்படியாம்மா'வுக்குப் பிறகு குப்பத்துக்குள் கால் வைக்க முடியவில்லை. அப்பாவின் சாவுக்கு வந்தபோதும் ஆற்றுப் பக்கம் நான் திரும்பவே இல்லை. திதிக்கு வராததும் இதனால்தான். லீவு கிடைத்தது.

படுத்தால் அழுகைதான் வருகிறது. அம்மாவிடம் நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டு.

ரேகா


எண்ணூர்
14.9.2025

(அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. — நீலா)

ரேகா,

அம்மா பேசறேன். ஒடம்பு எப்டி கீதுன்னு கேட்டியாமே. அத்த நீ கேக்க வாணாம்.

உன் கடுதாசிய மூணு வாட்டி படிக்கச் சொல்லிக் கேட்டேன். ரெண்டு வருசமா எவனோ ஒருத்தன்னு நெனச்சிதான் திட்டிகினு இருந்தேன். அவன் கை வெளங்காமப் போவணும்னு கோயில் வாசல்ல மண்ண வாரித் தூத்தினேன். அது நான் பெத்த கைன்னு அப்ப தெரியாது. இப்ப தெரிஞ்சிபோச்சி. தூத்துனத வாபஸ் வாங்கல.

சேத்துல எறங்குறவ பொண்ணுன்னு சொல்றதுக்கு வெக்கமா இருந்துச்சா? எனக்கு ஒரு நாளும் வெக்கம் இல்லடி. அந்த ஸ்டேசன்ல பெஞ்சில குந்த வெச்சானுங்களே, அப்பகூட இல்ல. நேத்து இந்தக் கடுதாசி படிச்சப்பதான் வந்துச்சி.

அழுவுறேன்னு எழுதிக்கிற. அழு. அத்த வெச்சி நான் இன்னா பண்றது? அழுதா வேலி சாயுமா?

அடுத்த மாசம் பதினஞ்சாந்தேதி கோட்டாட்சியர் ஆபீசுல வெசாரண. வா. எந்தக் கையால இல்லன்னு எழுதுனியோ, அந்தக் கையாலயே கீதுன்னு எழுதிக் குடு. அங்க வந்து பேஜாரு பண்ணாத, அழுவாத. வேலைய முடி, போ.

வூட்டுக்கு வராத. இப்ப வாணாம்.

தேசம்மா


தூத்துக்குடி
18.10.2025

அன்புள்ள நீலாவுக்கு,

தேர்வு நல்லபடியாக எழுதியிருப்பாய் என்று நம்புகிறேன். அன்று நீ விசாரணைக்கு வர முடியாமல் போனதால், நடந்ததை நானே உனக்குச் சொல்ல வேண்டும். அம்மா சொல்வதோடு ஒத்துப்பார்த்துக்கொள்.

பதினாலு பெண்கள் வந்திருந்தார்கள். தாஹிரா அவர்களோடு உட்கார்ந்திருந்தாள். எதிரே டென்னிஸ் சாரும் கம்பெனி வக்கீலும். நான் எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் சுவரோரம் நின்றேன். அம்மா என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

என்னைக் கூப்பிட்டார்கள். "நீங்க குடுத்த அறிக்கை பொய்னு நீங்களே சொல்றீங்களா?" என்று கோட்டாட்சியர் கேட்டார்.

"ஆமாம் சார். அந்தத் திட்டுல தினமும் நாப்பது பெண்கள் இறால் பிடிச்சாங்க. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் இல்லைன்னு எழுதினேன்."

"எப்படித் தெரியும்?"

"நானும் பிடிச்சிருக்கேன் சார்."

டென்னிஸ் சார் தலையைக் குனிந்துகொண்டார். வக்கீல் எழுந்து, "சார், இவங்க அந்த அஞ்சு பேர்ல ஒருத்தரோட பொண்ணு. அம்மாவைக் காப்பாத்த வந்து பேசறாங்க" என்றார். கோட்டாட்சியர் என்னைப் பார்த்து, "யாரு உங்க அம்மா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா எழுந்துவிட்டாள்.

"வூட்லதான் சார் நான் அம்மா. இங்க நான் மனு குட்த்தவ. இவங்க இன்னா எழுதிக் குட்த்தாங்க, இப்ப இன்னா எழுதிக் குடுக்கறாங்க, அத்த மட்டும் பாருங்க."

இவங்க என்றாள், நீலா. என்னை.

இரண்டு பக்கம் கையால் எழுதிக் கொடுத்தேன். அழவில்லை. வெளியே வந்தபோது எல்லோரும் ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அம்மு அத்தை மட்டும் திரும்பிப் பார்த்தாள். தாஹிரா ஓடிவந்து ஒரு தண்ணீர் பாட்டிலைக் கையில் திணித்துவிட்டு ஓடினாள். நான் எழும்பூருக்குப் போய் அன்றே ரயில் ஏறிவிட்டேன்.

நேற்று என்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். எதிர்பார்த்ததுதான். இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறேன்.

இது வந்து சேர்வதற்குள் தீபாவளி முடிந்திருக்கும். அம்மா கையால் எண்ணெய் வைத்துக் குளித்திருப்பாய்.

ரேகா


எண்ணூர்
23.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீலா எழுதுகிறேன். இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது. அம்மாவுக்குக் கால் பரவாயில்லை, இருமல்தான். பள்ளிக்கூட வேலை கிடைத்ததா?

நீ எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "ஒழுங்காதான் எழுதிகிறா" என்றாள்.

இந்த மாதம் மூன்றாம் தேதி உத்தரவு வந்தது. ஐந்து பேர் மேல் கொடுத்த புகாரை அறக்கட்டளை திரும்பப் பெற்றுக்கொண்டது. வேலியைப் பதினைந்து நாளில் எடுக்க வேண்டும் என்றார்கள். நாலே நாளில் எடுத்துவிட்டார்கள். ராசையாவே கம்பியைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு, அம்மாவிடம் கும்பிட்டுவிட்டுப் போனார். சந்தோஷப்படலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. கம்பெனி இப்போது ஆற்றின் வடக்குப் பக்கத்தில் வேறு சேற்றைத் தேடுகிறதாம். அங்கேயும் யாரோ ஒரு ரேகா போய், யாருமே இல்லை என்று எழுதுவாள். வெட்டிய காடு வெட்டியபடியே கிடக்கிறது. டென்னிஸ் சார் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். என் பயிற்சி செல்லாது, அடுத்த கோடையில் முதலிலிருந்து செய் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். நினைக்க நினைக்கக் கோபம் பற்றி எரிகிறது. உன் மேலும்தான். நீ வந்து சொன்னாய் என்பதால் அது அணைந்துவிட்டது என்று நினைக்காதே.

வேலியை எடுத்தவர்கள் குச்சிகளை எடுக்கவில்லை. கேட்டால் உத்தரவில் குச்சி என்று எழுதவில்லையாம். பாதிக் குச்சிகள் சேற்றுக்குள்ளேயே ஒடிந்து, கூர் மேலே பார்க்க நிற்கின்றன. அந்தச் சேற்றில் யார் கையை விட்டுத் தடவ முடியும்? முதல் நாள் ஆசையாக இறங்கிய அம்மு அத்தைக்கு உள்ளங்கையில் ஒன்று ஏறிவிட்டது. ஆறு தையல். அதனால் இறால் பிடிப்பதை விட்டுவிட்டு எல்லோரும் குச்சி பிடுங்குகிறோம். தண்ணீர் வற்றும் நேரத்தில் மூன்று மணி நேரம். தாஹிராவும் வருகிறாள். இதுவரை தொள்ளாயிரம்தான் எடுத்திருக்கிறோம். தை மாதத்துக்குள் முடிக்க வேண்டும், அப்போதுதான் இறால் வரும்.

நேற்றுக் கரையேறியபோது அம்மு அத்தை, கட்டுப் போட்ட கையோடு நின்றுகொண்டு, "இன்னும் பத்தாயிரம் கீதேடி தேசம்மா, ஆள் பத்தாதே" என்றாள். அம்மா கையிலிருந்த சேற்றை உதறினாள்.

"ரேகாவ வரச் சொல்லு. அவ எழுதி நட்டது. அவ வந்து புடுங்கட்டும்."

வீட்டுக்கு நடந்து வரும்போது மெதுவாகக் கேட்டேன்: "அக்காவ மன்னிச்சிட்டியாம்மா?"

"மன்னிப்பாம் மன்னிப்பு" என்றாள். "மொதல்ல குச்சி."

சேறு முட்டிக்கு மேல் ஏறும். நல்ல துணி எதையும் எடுத்து வராதே.

நீலா